ஒன்றரை டிகிரி

முதலாவது வண்டியோடு வந்தது.
அதைக் குறை சொல்ல மனமில்லை,
ரொட்டி வாங்கப் போய்வர அது போதும்.
அறுபதாவது கிலோமீட்டரில்தான் தெரிந்தது
மெத்தென்று இருப்பதெல்லாம் மெத்தை இல்லை என்று.

இரண்டாவதன் நடுவில் ஒரு பள்ளம்.
மூன்றாவதற்கு மூக்கே கிடையாது,
இறக்கத்தில் எங்கே இருக்கிறோம் என்று
தொடைகளுக்குத் தெரியாமல் போனது.

துவார்னனே துறைமுகத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும்
கூல்வென் ஒரு நெளி அட்டையை ஸ்டூலில் போட்டு
உட்கார் என்றான்.
எங்கள் ஆலையிலிருந்து மத்தி டின் ஏற்றிப் போன அட்டை.
முத்திரை நான் ஒட்டியதாகக்கூட இருக்கலாம்.
எழுந்தபோது அதில் இரண்டு குழிகள்.
ஸ்கேலை வைத்தான்:
நூற்று இருபத்தொன்பது மில்லிமீட்டர்.
கணவனாக இருந்தவன், டாக்டர், தையல்காரி
யாரும் அளந்திராத தூரம்.
ஐம்பத்துமூன்று வயதில்
என்னைப் பற்றி எனக்கொரு புதிய தகவல்.

நான்காவது அந்த எண்ணுக்கென்றே வந்தது.
தோல். தேன் நிறம்.
விலையைத் தங்கையிடம் பாதியாக்கிச் சொன்னேன்.
அரே மலையேற்றத்தில்
முட்புதர்கள் மஞ்சளாய்ப் பூத்துத் தள்ள,
தூறலா மூடுபனியா என்று முடிவெடுக்காத வானத்தின் கீழ்
பெடல்மேல் நின்றபடியே போய்வந்தேன்.
அன்று இரவு குளியல் தொட்டியில்
முட்டிபோட்டுக் குளித்தேன்.

மைவென்னுக்கு விற்றேன், பாதி விலைக்கு.
தங்கையிடம் சொன்ன பொய்
அப்படி நிஜமாயிற்று.

ஐந்து. ஆறு.
களிம்பு, பஞ்சு தைத்த கால்சட்டை,
இன்னும் விலையுயர்ந்த களிம்பு.
ஏழாவதை மாட்டிய அன்று எண்ணிப் பார்த்தேன்:
என்னிடம் இத்தனை நாற்காலிகள் இல்லை.

மே மாதம்.
இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரக் கெடு.
எனக்கு முன்னால் மைவென்.
அவளுக்குக் கீழே என் நான்காவது.
அவள் எழவே இல்லை.
ஏற்றத்தில் எழவில்லை.
கருங்கல் பாவிய தெருவில் எழவில்லை.
ஒரே ஒரு தண்டவாளத்தில் லேசாக,
தேவாலயத்தில் முட்டிக்கால் மாற்றுகிறவளைப்போல.
பார்க்கக் கூடாத இடத்தையே பார்த்துக்கொண்டு
நூற்றுப்பத்து கிலோமீட்டர் போனேன்.

அட்டையில் முத்திரை வாங்குகிற இடத்தில்
வெண்ணெய் கேக்கைக் கடித்தபடி கேட்டேன்:
அதை என்ன செய்தாய்?
மூக்கை இறக்கினேன்.
எவ்வளவு?
ஒரு நகக்கண்ணைக் காட்டினாள்.
ஒன்றரை டிகிரி இருக்கும்.
சொல்லியிருக்கலாமே.
நீ கேட்கவில்லையே, சுவாசிக்.
விற்கிற அவசரத்தில் இருந்தாய்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
நான் ஏழு கூடங்களை மாற்றியிருக்கிறேன்.
கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தது என்பது
இப்போது ஆறுதலாகவும் இல்லை.
அதை நிமிர்த்தும் ஆறு மில்லிமீட்டர் சாவி
மூன்று வருடமாக என் பையிலேயே கிடந்தது,
வாழைப்பழத் தோலோடும் பழைய ரசீதுகளோடும்.

திருப்பித் தருவாயா என்று கேட்க வாயெடுத்தேன்.
சுவரில் சாய்ந்திருந்த அவள் வண்டியில்
ஈரத் தோல் மினுங்கியது.
அதில் இரண்டு குழிகள்.
எத்தனை மில்லிமீட்டரோ,
என் எண் இல்லை.
தேன் நிறம் கறுத்து
ஒரு நல்ல காலணியின் நிறத்துக்கு வந்திருந்தது.
கேக்கை விழுங்கினேன்.

ஏழாவதன் அடியில் குனிந்து சாவியைத் திருகினேன்.
கொஞ்சம். இன்னும் ஒரு பொட்டு.
மைவென் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை,
என் வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

மிச்சம் தொண்ணூறு.
உட்கார்ந்தேன்.
வலித்தது,
ஆனால் வேறு இடத்தில்.
துறைமுகம் வரை போக
அந்த மாற்றம் போதும் என்று பட்டது.